ஆத்துல துப்பினவன்

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுகளா, சன்னமாத்தான் சொல்லப்போறேன்.

ஒரு ஊர்ல ஒரு பெரிய ஆறு. இக்கரையில யவனங்க, அக்கரையில பாரசீகங்க. இவங்க உடம்புல துணியைச் சுத்திக்குவாங்க, அவங்க கால்சட்டை போடுவாங்க. ரெண்டு ராசாவுக்கும் ஓயாத சண்டை. ஆனா ஆலிவ் எண்ணெய் அங்க போகும், மாதுளம்பழம் இங்க வரும், எல்லாம் மிர்த்தோங்கிற யவனப் பொம்பளையோட படகுலதான். அவ மக லீதாவையே அக்கரைப் பையனுக்குக் கட்டிக்குடுத்திருந்தா. லீதாவுக்கு இப்ப நிறைமாசம்.

அப்படியிருக்க, ஈட்டி விக்கிறவன் ஒருத்தன் இக்கரைக்கு வந்து, "பாரசீகன் படையெடுத்து வரப்போறான், வாங்கி வச்சுக்கோங்க"ன்னு சொல்லி வித்துட்டுப் போனான். மிர்த்தோ அன்னைக்கு மக வீட்டுல இருந்ததால அவனைப் பாக்கல. திரும்பி வந்தா, "உம் மருமகனை நம்பலாமா?"ன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க.

அப்புறம் ஒருநாள், கால்சட்டை போட்டவன் ஒருத்தன் நீளமா ஒரு கட்டோட படகுல ஏறி, "நான் பாரசீக ராசாவோட ஆளு, அக்கரைக்கு விடு"ன்னான்.

"உங்க ராசா அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கத்திலேருந்து வர்றீங்களே?"

"அது உனக்கெதுக்கு?"

சரின்னு அவ திங்கிறதுக்கு ஊறின ஆலிவ் காய் குடுத்தா. ஒண்ணு தின்னு கொட்டையை ஆத்துல துப்பினான். இன்னொண்ணு தின்னு துப்பினான். மூணாவதையும் தின்னு ஆத்துலயே துப்பினான். மிர்த்தோ கையில துடுப்பு நின்னுபோச்சு. ஏன்னு கேளுங்க. பாரசீகங்களுக்கு ஆறு சாமி. அவங்க எச்சியை வாய்க்குள்ளயே வச்சிருந்து கரையேறித்தான் துப்புவாங்க. ஆனாலும் அவ துடுப்பைப் போட்டு அக்கரைக்கே ஓட்டினா.

படகு அக்கரை தொட்டதும் ஆளுங்க கூடினாங்க. படகுல நின்ன இடத்திலேருந்தே அவன் ஈட்டிக் கட்டை அவுத்துக்கிட்டு ஆரம்பிச்சான்: "யவனங்க ஈட்டி தீட்டுறாங்க. நீங்களும் வாங்குங்க."

அம்மா படகைப் பாத்துப் புருஷனோட கரைக்கு வந்திருந்த லீதா பக்கம் கூட்டம் திரும்பிச்சு. "இவ வாழவா வந்தா, வேவு பாக்கவா?" மருமகன் குறுக்க வந்து நின்னான். அவனையும் முறைச்சாங்க.

மிர்த்தோ செம்புல தண்ணி மோந்து நீட்டினா. "ஐயாவுக்குத் தொண்டை கட்டியிருக்கு. கொப்புளிச்சுட்டுச் சொல்லுங்க."

அவனும் கொப்புளிச்சான், அத்தனை பேர் முன்னாடியும் ஆத்துலயே துப்பினான்.

ஊர்ப் பெரியவர் பகாய் கிட்ட வந்தாரு. "தம்பி, பால்குடி மறக்காத எங்க புள்ளைகூட ஆத்துல துப்பாது. நீ யாரு?"

ரெண்டு அறை விழுந்ததும் உண்மை வந்துச்சு. அவன் யவனன். முன்ன இக்கரையில ஈட்டி வித்துட்டுப் போனவனும் இவனேதான். அக்கரையிலயும் விக்கத்தான் இந்தக் கால்சட்டை வேஷம்.

"ஆத்துல தள்ளுங்கடா"ன்னான் ஒருத்தன்.

"ஆத்தை இவன் அசிங்கம் பண்ணினது போதும்"ன்னாரு பகாய்.

"எங்கிட்ட விடுங்க. இவன் பொய்யில பாதி எங்க ஊர்ல கிடக்கு"ன்னு மிர்த்தோ அவனைப் படகு முனையில உக்காரவச்சு, இக்கரைக்கு ஓட்டிக்கிட்டு வந்தா. கரைபூரா ஆளுங்க, கைக்குக் கை ஈட்டி. எட்டிக் குத்துற தூரத்துல படகை நிறுத்தினா.

"அக்கா, தள்ளி எங்கயாச்சும் கரையில விட்டுடு, ஓடிப்போயிடுறேன். எல்லார் கையிலயும் ஈட்டி இருக்கு."

"நீ வித்ததுதானே தம்பி, கூர் நல்லாத்தான் இருக்கும். அங்க ஒத்துக்கிட்டதை இங்கயும் உரக்கச் சொல்லு"ன்னுட்டு, துடுப்பைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா.