யார் வீட்டு இசக்கி

தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் ஆசிரியையும் ஒரு மாணவரும் இருந்தார்கள். ஆசிரியைக்கு வயது முப்பத்தெட்டு. மாணவருக்கு ஐம்பத்திரண்டு.

ஆசிரியை மெஹருன்னிசா அந்தக் கூடத்துக்குப் பொறுப்பாளர். மாணவர் சவரிமுத்து, இருபத்தைந்து வருஷம் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் மலேரியா பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். கம்ப்யூட்டரைக் கண்டாலே ஒதுங்கிப்போவார். மவுஸைப் பிடிப்பதிலிருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தது மெஹருன்னிசாதான். அதனால் சவரிமுத்து அவரை 'டீச்சர்' என்றே கூப்பிடுவார். மெஹருன்னிசா இவரை 'அண்ணாச்சி' என்பார்.

ரத்தம் எடுக்கும் மேஜைக்கு நான்கு பேர் வேண்டும் என்று அரசாங்கக் காகிதம் சொன்னது. காகிதம் என்ன வேண்டுமானாலும் சொல்லும். இருந்தது சவரிமுத்து ஒருவர்தான். ஏழரை மணிக்கு உட்கார்ந்தால் பத்தரைக்குள் நூறு கைகளில் ஊசி போட்டாக வேண்டும். அதற்கு முன்னால் நூறு பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இரண்டு வேலையும் அவர் தலையில்தான்.

பெயர் ஏற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. கணவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தப் பக்கத்து வயதான பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"பழனியில இருக்காருல்லா, அவரு பேருதான்."

"முருகனா?"

"இல்ல."

"தண்டபாணியா?"

"இல்ல சார்."

"ஆண்டியா?"

அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். அதற்குள் வரிசையின் கடைசியில் இருப்பவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிடுவார்கள்.

கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. ஒரு நாள் விரல் தவறி அதில் ஒரு புள்ளி விழுந்தது. போயிற்று. அன்றிலிருந்து சவரிமுத்து எல்லாப் பெண்களுக்கும் புள்ளியே வைத்தார். போன் நம்பர் தெரியாதவர்களுக்குப் பத்து ஒன்பதுகளைப் போட்டார். அதற்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இன்னொரு வழியும் கண்டுபிடித்தார். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு டியூபில் பெயர் ஸ்டிக்கர் ஒட்டினால் நேரமாகிறது. எல்லா டியூபிலும் முன்கூட்டியே ஒட்டி வரிசையாக நிறுத்திவிட்டால் பெயரைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்க வேண்டியதுதான் பாக்கி. பத்தரைக்கு முடிகிற கூட்டம் ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது.

பெரிய டாக்டர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். மெஹருன்னிசாவும் சிரித்தார்.

"டீச்சரையே மிஞ்சிட்டீங்க அண்ணாச்சி."

அந்தச் சிரிப்பை நினைத்து மெஹருன்னிசா பிற்பாடு எத்தனையோ நாள் அழுதார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு இசக்கியம்மாள்கள் வந்தார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இசக்கியம்மன் கோயில் இல்லாத ஊரோ இசக்கி என்று ஒருத்தி இல்லாத தெருவோ அந்தப் பக்கம் கிடையாது. ஒருத்திக்கு வயது நாற்பத்தொன்று, காய்ச்சல். இன்னொருவருக்கு அறுபத்துமூன்று, பல வருஷமாகக் கிட்னி தொந்தரவு. இன்ஷியல் வேறுதான். ஆனால் ஸ்டிக்கர் சின்னது, அது இன்ஷியலை விழுங்கிவிட்டது. வயது மட்டும் ஓரத்தில் எறும்பு அளவில் இருந்தது.

"இசக்கியம்மா" என்று கூப்பிட்டார் சவரிமுத்து. நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார்.

"இசக்கியம்மாதானே?"

"ஆமாய்யா."

சவரிமுத்து நரம்பைத் தேடினார். வயல்காட்டு வேலை செய்த கை. அந்தக் கை நாற்பதிலும் அறுபதிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஊசி போட்டார், பஞ்சை வைத்தார், பிளாஸ்டரைக் குறுக்காக இரண்டு துண்டு ஒட்டினார். அது அவர் பழக்கம்.

"அடுத்து."

பதினொன்றரைக்கு உள்ளே இயந்திரம் ஒரு பெயரைச் சிவப்பில் காட்டியது. இசக்கியம்மாள், நாற்பத்தொன்று. பொட்டாசியம் ஏழுக்கு மேல். ரத்தத்தில் அந்த உப்பு அவ்வளவு ஏறிவிட்டால் இதயம் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம். மெஹருன்னிசா டாக்டருக்குப் போன் போட்டுவிட்டுக் காய்ச்சல் பகுதிக்கு ஓடினார். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். குறையில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதிலும் குறையில்லை.

காலையில் அந்த டியூபில் விழுந்தது இவள் ரத்தம் இல்லை என்று மெஹருன்னிசாவுக்குப் புரிந்தது.

"காலைல உன் பேரக் கூப்பிடும்போது வேற யாரும் எந்திரிச்சாங்களாம்மா?"

"ஆமா மேடம், ஒரு ஆச்சி. எம் பேருதான் அவுகளுக்கும். கால் வீங்கி நிக்க மாட்டாம நின்னாவ. நீங்க முதல்ல இருங்க ஆச்சின்னு விட்டேன். அவுகளுக்கு அடுத்து நான். ஏன் மேடம் கேக்கீங்க?"

மெஹருன்னிசா கூடத்துக்குத் திரும்பி ஓடினார்.

அந்த ஆச்சியின் கையில் ஒரு குறையும் இல்லை என்கிற காகிதத்தைக் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். கம்ப்யூட்டரில் தேடினால் இசக்கியம்மாள், அறுபத்துமூன்று, மேலப்பொட்டல் என்று வந்தது. கணவர் பெயர்க் கட்டத்தில் ஒரு புள்ளி. போன் நம்பர்க் கட்டத்தில் பத்து ஒன்பது.

சவரிமுத்து மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

மேலப்பொட்டல் பதினெட்டு மைல். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் நிறுத்தினார்.

"இங்க இசக்கியம்மான்னு ஒருத்தங்க. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாங்க."

"எந்த இசக்கி?"

"அறுபத்துமூணு வயசு."

"வயசச் சொன்னா யாருக்கு சார் தெரியும்? யாரு வீட்டு இசக்கி?"

சவரிமுத்து வண்டியிலிருந்து இறங்கினார்.

"வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க. இந்தா, கையோட காட்டிருதேன்."

அந்தப் பெயர் அவரிடம் இல்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது டீக்கடைக்காரர் கேட்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வீடு வீடாகப் போனார். ஓர் இசக்கி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஓர் இசக்கி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். எந்த மகள் வீடு, எப்போது போனாள் என்று விசாரிப்பதில் அரை மணி போயிற்று. ஓர் இசக்கிக்குக் காது கேட்கவில்லை. கத்திக் கத்திக் கேட்ட பிறகு தனக்கு ஒரு வியாதியும் இல்லை என்று கோபித்துக்கொண்டாள். வெயில் சாய ஆரம்பித்தது. சவரிமுத்து ஓட்டமாக ஓடினார்.

எட்டாவது வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"இது யாரு வீடு?"

"வேலாயுதம் வீடு. அவரு சம்சாரம் இசக்கிதான். ஆஸ்பத்திரியில எல்லாம் சரியா இருக்குன்னுட்டாங்கன்னு சந்தோசமா வந்தா. இப்பத்தான் தண்ணி கேட்டா. சொம்பைக் குடுக்கங்குள்ள சாஞ்சு உசுரு போயிட்டு."

உள்ளே போனார். படுக்க வைத்திருந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். ஊதியிருந்தது. அவர் ஒரு நாளும் பார்த்திராத முகம். வேறு இசக்கியாக இருக்கலாம், இன்னும் தேடலாம் என்று ஒரு நிமிஷம் நம்பினார்.

பிறகு கையைப் பார்த்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு. அதன்மேல் குறுக்காக இரண்டு துண்டு பிளாஸ்டர்.

மறுநாள் காலையில் மெஹருன்னிசா கூடத்துக்கு வந்தபோது சவரிமுத்து மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நாற்பது டியூபுகள், ஸ்டிக்கர் ஒட்டி, வரிசையாக. கை பழக்கத்தில் செய்துவிட்டிருந்தது. வெளியே கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

"டீச்சர், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"கேளுங்க அண்ணாச்சி."

"தப்பு யாரு மேல? ஆள் போடாதவங்க மேலயா? கம்ப்யூட்டர் மேலயா? என் மேலயா?"

மெஹருன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். முதல் டியூபை எடுத்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தார். அடுத்ததை எடுத்தார். ஸ்டிக்கர் லேசில் வரவில்லை. பத்தாவது டியூபில் நகம் பிய்ந்தது. சவரிமுத்து கை நீட்டினார். மெஹருன்னிசா கொடுக்கவில்லை. நாற்பதையும் தானே உரித்து முடித்தார்.

"இனி ஆள் வந்து உக்காந்த பிறகு ஒட்டுவோம்."

"நேரமாகுமே டீச்சர்."

"ஆகும்."

"வெளிய கூட்டம் நிக்கே."

"நிக்கட்டும். நானும் வந்து ஒரு நாற்காலி போட்டுக்கிடுதேன். உள்ள வேலைய மத்தியானம் பாத்துக்கிடலாம்."

கேட்ட கேள்விக்கு அது பதிலா இல்லையா என்று சவரிமுத்துவுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மெஹருன்னிசா அவரை அழைத்துக்கொண்டு மேலப்பொட்டலுக்குப் போனார். வேலாயுதத்தின் முன்னால் நின்று, நடந்தது இதுதான் என்று ஒளிக்காமல் சொன்னார். வேலாயுதம் முழுக்கக் கேட்டார். இரண்டு பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். சவரிமுத்து சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். ஒரு வாரம் போய்க் கடிதம் வந்தது. ஸ்டிக்கரில் இன்ஷியல் அச்சாகாதது மென்பொருளின் குறைபாடு, அது சரிசெய்யப்படும், ஊழியர்கள் கவனமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். புதிதாக ஆள் போடுவதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சவரிமுத்து கடிதத்தை எடுத்துக்கொண்டு மெஹருன்னிசாவிடம் போனார்.

"என் மேல தப்பு இல்லன்னு போட்டிருக்கு டீச்சர்."

"வாசிச்சேன்."

"எனக்குத் தூக்கம் வர மாட்டேங்கு."

"எனக்கும் வரல அண்ணாச்சி."

"அப்ப நீங்க சொல்லுங்க. யாரு மேல தப்பு?"

மெஹருன்னிசா இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகும் சவரிமுத்து பல தடவை கேட்டார். டீ குடிக்கும்போது கேட்டார். டியூப் எடுத்துக் கொடுக்கும்போது கேட்டார். ஒரு தடவைகூடப் பதில் வரவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது தண்டனையோ என்றுகூட அவர் நினைத்தார்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை வரிசையில் வேலாயுதம் வந்து நின்றார். சர்க்கரை பார்க்க வந்திருந்தார். சவரிமுத்து அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஆனாலும் முறைப்படி கேட்டார்.

"உங்க பேரச் சொல்லுங்கய்யா."

"வேலாயுதம்."

எழுத்துகளைத் தட்டும்போது இரண்டு தடவை தவறாக விழுந்து அழித்தார். பெரியவர் அதைப் பார்த்தார்.

"நீங்க அன்னைக்குத் தேடிக்கிட்டு வந்தவருல்லா?"

"ஆமாய்யா."

"எங்கிட்ட ஒரு விஷயம் இருக்கு. சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்." வேலாயுதம் நாற்காலியில் சரியாக உட்கார்ந்துகொண்டார். "அவ நாப்பத்தஞ்சு வருஷத்துல எம் பேர ஒரு தடவ சொன்னதில்ல. ரேஷன் கடையில கேட்டா, முருகன் கையில என்ன வச்சிருக்காருன்னு திருப்பிக் கேப்பா. கடைக்காரனுக்குத் தெரிஞ்சாத் தெரிஞ்சது, இல்லேன்னா சிரிச்சுக்கிட்டே நிப்பா. நீங்க கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டா தம்பி. மனசப் போட்டு அலட்டிக்கிடாதீங்க."

சவரிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைப் பெரியவர் முன்னால் ஒட்டி, பெயரை அவரையே ஒரு தடவை வாசிக்கச் சொல்லி, ரத்தம் எடுத்து அனுப்பினார்.

கூட்டம் கலைந்ததும் மெஹருன்னிசாவைத் தேடிப் போனார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் நடையில் கொஞ்சம் உயிர் இருந்தது. வேலாயுதம் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்களாம் டீச்சர். அவரே சொல்லுதாரு."

மெஹருன்னிசா கையிலிருந்த டியூபை ஸ்டாண்டில் வைத்தார்.

"சொல்லியிருக்க மாட்டாங்கதான் அண்ணாச்சி. வெக்கப்பட்டுச் சிரிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்திருப்பாங்க. என்ன பதிலக் காணலையேன்னு நீங்க தலையத் தூக்கி அவங்க முகத்தப் பாத்திருப்பீங்க."