பதினெட்டில் மூன்று போக

நிலோஃபருக்கு வயது இருபத்தொன்பது. அவருடைய சீடர் அருள்தாஸுக்கு ஐம்பத்தெட்டு, புள்ளியியல் துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் நிலோஃபரின் மேசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட உட்காராதவர்கள்.

திருச்சியில் ஒரு தையல் கடையின் மாடியில் அந்த மேசை இருக்கிறது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. கதையை முன்னால் இருந்து நடத்துபவர் நிலோஃபர். அவர் மேசையில் செத்துப்போன பாத்திரத்துக்குச் சொந்தக்காரர்கூடச் சந்தோஷமாகத்தான் படியிறங்குவார். அதே மேசையில் விளையாடும் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமையே உண்டு.

ஒரு ஞாயிறு அருள்தாஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சர், என் மேசை காலி."

நான்கு வருடம் உழைத்து அவரே ஒரு விளையாட்டு எழுதியிருந்தார். நூற்று நாற்பது பக்க விதிகள். அதை விளையாட மூன்று பேர் கிடைத்தார்கள். அதில் செண்பகவல்லி என்று ஒருவர், தபால் நிலையத்தில் வேலை. கோட்டைக் காவல்காரி ஒருத்தியைத் தன் பாத்திரமாக வைத்துக்கொண்டு, அவளுக்குப் பலம் எவ்வளவு என்று மூன்று பகடைகளை உருட்டியிருக்கிறார்.

மூன்றிலும் ஆறு. பதினெட்டு. மேசையே கத்தியிருக்கிறது.

"பெண் பாத்திரம்னா மூணு கழிக்கணும்னு விதி இருக்கு. கழிச்சுக்கச் சொன்னேன். பதினஞ்சுன்னு எழுதிக்கிட்டாங்க. அடுத்த வாரம் வரல. அதுக்கடுத்த வாரம் மத்த ரெண்டு பேரும் வரல."

"விதி தப்பா சார்?"

"தப்பில்ல. சராசரியா பெண்களோட உடல் பலம் ஆண்களைவிடக் குறைவு. யார் வேணா அளந்து பார்க்கலாம்."

"ஒத்துக்கறேன்."

சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். நிலோஃபர் மூன்று பகடைகளையும் ஒரு நோட்டையும் அவர் பக்கம் தள்ளினார்.

"உங்க கதையில வர்ற ஊர்ல நூறு பெண்களுக்குப் பலம் உருட்டுங்க. மூணு கழிச்சே எழுதுங்க."

எண்ணிக்கை என்றால் அருள்தாஸுக்கு அல்வா மாதிரி. கட்டம் போட்டு, கோடு இழுத்து, ஒன்றரை மணி நேரம் உருட்டினார். இரண்டு தடவை டீ வந்தது. முடித்துக் கூட்டிப் பார்த்தபோது முகம் தெளிந்திருந்தது.

"சராசரி ஏழு புள்ளி ஆறு. கச்சிதமா வந்திருக்கு டீச்சர்."

"நல்லது. இப்ப அந்த ஊர்ல வெள்ளம். கோட்டை மதகு அடைச்சுக்கிச்சு. ஆம்பளைங்க எல்லாம் போருக்குப் போயாச்சு. இந்த நூறு பேர்ல ஒருத்தர் தண்ணிக்குள்ள இறங்கி மதகைத் தூக்கணும். யாரு?"

அருள்தாஸின் விரல் நோட்டில் மேலும் கீழும் போய் ஓரிடத்தில் நின்றது.

"அறுபத்திரண்டாவது ஆள். பதினஞ்சு."

"கழிக்கறதுக்கு முன்னாடி?"

"பதினெட்டு."

"மத்த தொண்ணூத்தொம்பது பேர்?"

"அவங்க கரையில நிப்பாங்க. இது இவளோட கதை."

"மூணு கழிச்சது யாரைப் பார்த்து? இவளையா, அவங்களையா?"

கரையில் நின்ற தொண்ணூற்றொன்பது பேரையும் அவர் ஒருமுறை பார்த்தது போலிருந்தது. ஆனாலும் மனிதர் நேர்மையானவர், விட்டுக்கொடுக்கவில்லை.

"உச்சத்துல இருக்கறவங்கள எடுத்தாலும் வித்தியாசம் இருக்கும் டீச்சர்."

"இருக்கட்டும் சார். நான் இல்லன்னு சொல்லலயே."

"அப்ப நான் என்ன செய்யணும்? விதியை எடுத்துடவா?"

"உங்க விளையாட்டு, உங்க இஷ்டம்."

"எடுத்துட்டா அவங்க திரும்பி வருவாங்களா?"

எனக்குப் பாவமாக இருந்தது. நான்கு வருட உழைப்பு ஆளில்லாமல் கிடக்கிறதே.

நிலோஃபர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பதினெட்டு விழுந்ததும் எல்லாரும் கத்தினாங்கன்னு சொன்னீங்க. அப்ப செண்பகவல்லி முகம் எப்படி இருந்துச்சு?"

அருள்தாஸ் நோட்டை மூடி வைத்தார்.

"தெரியல டீச்சர். நான் விதிப் புத்தகத்துல பக்கம் தேடிக்கிட்டிருந்தேன்."

"அதைத்தான் சார் அவங்ககிட்ட போய்ச் சொல்லணும்."