ஆற அமர ஒரு முடிவு

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. கோழிகள் நாற்பதாயிரம், ஆபீசில் குமாஸ்தாக்கள் நாலு பேர். கோழிகளை வாரம் ஒருமுறை எடை போட்டுப் பார்ப்பார்கள். குமாஸ்தாக்களின் மூளையை யாரும் எடை போட்டதில்லை. முதலாளியம்மாவுக்கு அதில் ஒரு பயம் உண்டு.

நால்வரில் மூத்தவர் அர்த்தநாரி. பதினேழு வருஷ சர்வீஸ். பழைய மேனேஜர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவருடைய சுழல் நாற்காலி காலியாகக் கிடந்தது. தினமும் காலையில் அதைத் துடைப்பவர் அர்த்தநாரிதான். துடைப்பாரே தவிர உட்கார மாட்டார். உட்காரச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லையே!

ஒரு திங்கட்கிழமை முதலாளியம்மா பெட்டியும் கையுமாக வந்து நின்றார். மகளுக்குப் பிரசவம், பெங்களூரு போகிறார்.

"இங்க பாருங்க அர்த்தநாரி. ரெண்டு சாஃப்ட்வேர் வந்திருக்குது. ஒண்ணு, வேலைக்கு ஆள் எடுக்கறது. வர்ற விண்ணப்பத்தையெல்லாம் அலசி, யாரு தேறுவாங்க, யாரு தேறமாட்டாங்கன்னு அதுவே சொல்லிப்போடும். இன்னொண்ணு, டேட்டா நோட்டு. கட்டங்கட்டமா இருக்கும். கட்டத்துல விவரத்தை எழுதிப் பொத்தானை அமுக்குனா, கீழயே விடையும் படமும் வந்துரும். ரெண்டும் பத்து நாளைக்கு இலவசம். ஆனா ஒண்ணைத்தான் வாங்கப் போறேன். எதுன்னு நீங்கதான் சொல்லோணும். சரியாச் சொல்லிட்டீங்கன்னா, அந்த மேனேஜர் நாற்காலி உங்களுக்குத்தான்."

அர்த்தநாரி அந்த நாற்காலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பாரபட்சம் காட்டாதீங்க. ரெண்டுக்கும் ஒரே விவரத்தைக் குடுத்துப் பாருங்க. அவசரப்படாதீங்க, ஆற அமர இருந்து முடிவெடுக்கோணும். முடிவு வர்ற வரைக்கும் ஒருத்தரும் நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் ஆலோசனைக் கூட்டம் ஆரம்பித்தது.

"ஒரே விவரம்னு சொன்னாங்களே, எந்த விவரங்க?" என்று கேட்டான் தீவனக் கணக்குப் பார்க்கும் செங்கோடன்.

"ஆள் எடுக்கற சாஃப்ட்வேருக்கு நம்ம நாலு பேரையும் குடுக்கலாம். டேட்டா நோட்டுக்குக் கோழிங்களைக் குடுக்கலாம்" என்றான் கடிதம் எழுதும் தவசியப்பன்.

"அது பாரபட்சமுங்க" என்றாள் முட்டை ரிஜிஸ்டர் எழுதும் பாவாயி. "நம்மளையும் கோழியையும் ஒரே பட்டியல்ல சேர்த்து ரெண்டுக்கும் குடுத்துட்டா, யாரும் நம்மளைக் குத்தம் சொல்ல முடியாது."

இப்படி ஒரு நியாயமான யோசனையைக் கேட்டு மூன்று பேரும் அசந்துபோனார்கள். நாலு குமாஸ்தா, நாலு கோழி, ஆக எட்டுப் பேர் கொண்ட பட்டியல் தயாரானது. எந்த வேலைக்கு என்று ஆள் எடுக்கும் சாஃப்ட்வேர் கேட்டது. அர்த்தநாரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, 'மேனேஜர்' என்று தட்டினார். ஆசை யாரை விட்டது?

படிவத்தை நேர்மையாகத்தான் நிரப்பினார்கள். போன வருஷம் எடுத்த லீவு: செங்கோடன் நாற்பத்தொரு நாள், கோழி இல்லை. வேலைக்கு வரும் நேரம்: அர்த்தநாரி பத்தேகால், கோழி இருபத்துநாலு மணி நேரமும் இங்கேயே. எதிர்பார்க்கும் சம்பளம்: கோழிக்கு நூற்றுப்பத்து கிராம் தீவனம். கடைசியில் 'கடந்த ஆண்டுச் சாதனை' என்றொரு இடம் இருந்தது. மூன்றாம் கொட்டகை இருநூற்றுப்பதினாலாம் கூண்டுக் கோழி, முந்நூற்றுப் பத்து முட்டை. தவசியப்பன் நெடுநேரம் யோசித்து, 'உயிரோடு இருக்கிறேன்' என்று எழுதினான்.

பொத்தானை அமுக்கினார்கள். குமாஸ்தாக்கள் நால்வருக்கும், 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வேறு இடத்தில் முயற்சி செய்யவும்' என்று பதில் வந்தது. இருநூற்றுப்பதினாலுக்கு முதலிடம். செவ்வாய் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு.

டேட்டா நோட்டு மட்டும் விட்டுவிடுமா? ஆளுக்கு எத்தனை முட்டை என்று படம் போட்டுக் காட்டியது. கோழிகளுக்கு நேரே நாலு தூண்கள் நெட்டுக்குத்தாக நின்றன; அதில் இருநூற்றுப்பதினாலின் தூண்தான் எல்லாவற்றிலும் உயரம். குமாஸ்தாக்களுக்கு நேரே வெறும் தரை.

"என் பேருக்கு நேரா ஒண்ணையுமே காணோமே, பாவாயி!" என்றார் அர்த்தநாரி.

"நீங்க போட்டிருந்தா நான் ரிஜிஸ்டர்ல ஏத்தாமயா இருந்திருப்பேனுங்க?"

செவ்வாய்க்கிழமை கோழியைக் கூட்டிவந்து மேஜைமேல் நிறுத்தினார்கள். "உங்ககிட்ட இருக்கிற குறை என்னங்க?" என்று தவசியப்பன் கேட்டான். கோழி கழுத்தைச் சாய்த்து அவனையே பார்த்தது.

"பாருங்க, எதிராளியை எடை போடறாங்க" என்று செங்கோடன் மெய்சிலிர்த்தான். வேலை உறுதியானது. அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினேழு வருஷமாகத் தான் உட்காராத ஒரே நாற்காலியில் தன் கையாலேயே கோழியைத் தூக்கி வைத்தார்.

"சரி, ரெண்டு சாஃப்ட்வேரும் ஒரே ஆளைத்தான் நல்ல ஆளுன்னு சொல்லுது. இதுல எது ஒசத்தின்னு எப்படிச் சொல்றது?" என்றான் தவசியப்பன்.

"மேனேஜர் எதுக்கு இருக்காங்க?" என்றாள் பாவாயி.

இரண்டு சாஃப்ட்வேர்களின் ஒப்பந்தத் தாளையும் கோழியின் முன்னால் பிடித்தார்கள். கோழி இரண்டையும் பார்த்தது, கண்ணை மூடியது, கொஞ்சம் முக்கியது. பிறகு நாற்காலியில் ஒரு முட்டையைப் போட்டுவிட்டுக் குதித்து இறங்கி வராந்தாப் பக்கம் போய்விட்டது.

நாலு பேரும் குனிந்து முட்டையைப் பார்த்தார்கள்.

"முடிவெடுத்துட்டாங்க" என்றார் அர்த்தநாரி மெல்ல.

"எந்த சாஃப்ட்வேருன்னு உடைச்சுப் பார்த்துரலாமுங்களா?" என்றான் செங்கோடன்.

"ஐயோ, அம்மா அவசரப்படாதீங்கன்னு சொன்னது காதுல விழலையா?" என்று பாவாயி பதறினாள். "இப்ப உடைச்சா மஞ்சளும் வெள்ளையுமாக் கொழகொழன்னுதான் இருக்கும். இருவத்தொரு நாளைக்கு ஆற அமர இருந்தாத்தான் முடிவு தெளிவா வெளிய வரும். மேனேஜருக்கு வெளி வேலை இருக்குது. அப்ப யாராச்சும் உட்காரோணுமில்ல?"

எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பாதி எடையை முழங்காலில் தாங்கி, மேனேஜர் நாற்காலியில் பதமாக அமர்ந்தார். எப்படியோ உட்கார்ந்தாயிற்று! அந்தச் சந்தோஷத்தில் கால் வலிகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில், பேத்தி பிறந்த இனிப்போடு முதலாளியம்மா வந்து சேர்ந்தார். ஆபீசில் நாலு குமாஸ்தாக்களும் நாலு நாற்காலிகளில் அரைகுறையாக உட்கார்ந்தபடி வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை.

"என்னய்யா இது? எந்திரிங்க முதல்ல!"

"நீங்கதானுங்கம்மா, முடிவு வர்ற வரைக்கும் நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றார் அர்த்தநாரி.

"அதுக்கு எதுக்கு நாலு பேரும்?"

"புது மேனேஜர் ரொம்பச் சுறுசுறுப்புங்கம்மா. தினம் காலையில ஒரு முடிவு எடுத்துடறாங்க."

முதலாளியம்மாவின் கையிலிருந்த இனிப்புப் பெட்டி சாய்ந்தது. அர்த்தநாரி அசையாமல் கண்ணாலேயே மூலையைக் காட்டினார். அங்கே தரையில் ஒரு முட்டை கிடந்தது.

"நல்ல சமயத்துல வந்தீங்கம்மா. இன்னிக்கு எடுத்த முடிவு காலையில இருந்து ஆறிப்போயிக் கிடக்குது. சித்த உட்காருங்க."