உள்ளே விடாத சாட்சி

"நான் எதைக் கேட்காம விட்டேன், மேடம்?"

கேட்டவர் டாக்டர் சிதம்பரநாதன். வயது ஐம்பது. கிராமத்து ஆஸ்பத்திரிகளிலேயே இருபது வருஷம் ஓட்டியவர். டவுன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இங்கே அவருக்கு வேலை பழக்குகிற டாக்டர் பொன்மலருக்கு அவர் மகள் வயது.

பொன்மலர் கை கழுவிக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் தவமணியின் நெஞ்சை அழுத்திய கை.

"கேட்டதைச் சொல்லுங்க முதல்ல."

"ஒன்பது மணிக்கு வந்தா. வயசு இருபத்தாறு. தீப்பெட்டி ஆபீஸ்ல மயங்கி விழுந்திருக்கா. இங்கே வர்றதுக்குள்ள தெளிஞ்சிட்டா. சிரிச்சா. சர்க்கரை பார்த்தேன், சரியா இருந்தது. பிரஷரும் சரி."

"ஈசிஜி?"

"ஆடி வெள்ளி, மேடம். விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படலை. அதுக்கு எதுக்கு ஈசிஜி? ஒரு பாட்டில் குளுக்கோஸ் போட்டுப் படுக்க வெச்சேன்."

பதினோரு மணிக்குத் தவமணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். காப்பி டம்ளருக்குக் கை நீட்டினாள். நீட்டியபடியே சாய்ந்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு உயிர் திரும்பவில்லை.

"விரதம்னு யார் சொன்னது?"

"மாமியார்."

"தவமணி என்ன சொன்னா?"

"அவ மாமியாரைப் பார்த்தா. அப்புறம் தலையை ஆட்டினா."

"அவ விழுறப்போ மாமியார் எங்கே இருந்தாங்க?"

"வீட்டுல. சேதி கேட்டு ஓடி வந்தாங்க."

"அப்போ விழுந்தவளைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

சிதம்பரநாதன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு நோயாளிக்கு ஒரு ஆள். வாசலில் அதுதான் சட்டம். சொந்தம் வந்து சேர்ந்ததும் மற்றவரை வாட்ச்மேன் வெளியே அனுப்பிவிடுவார். நல்லதாய்ப் போயிற்று, கூட்டம் குறைந்தது என்றுதான் காலையில் அவரும் நினைத்தார்.

பொன்மலர் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

கம்பிக் கதவுக்கு வெளியே, வெயிலில் ஒருத்தி நின்றிருந்தாள். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை. காலில் செருப்பு இருந்தது. கையிலும் ஒரு ஜோடி இருந்தது.

"தவமணியைக் கூட்டிட்டு வந்தது நீங்களா, அக்கா?"

"ஆமா டாக்டரம்மா. அமலோற்பவம் என் பேரு. அவகூட வேலை பாக்கேன். ஒம்போது மணியில இருந்து நிக்கேன், உள்ள விடமாட்டேங்காக. தெளிவாப் பேசுதாளா?"

பொன்மலர் ஓரடி பின்னால் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"எப்படி விழுந்தா?" என்றார் சிதம்பரநாதன்.

"உக்காந்து லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்தோம் சார். சூப்பர்வைசர் மாதிரியே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வெச்சுக்கிட்டு இருந்தா. பாதிப் பேச்சுல சுவிட்ச அமத்துன மாதிரி நின்னு போச்சு. தலை சுத்துதுன்னு ஒரு வார்த்தை இல்ல. கையக்கூட ஊனல. மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சு. போன மாசமும் இப்பிடித்தான் விழுந்தா. அவ அண்ணனும் இருபத்தஞ்சு வயசுல சோத்துல கை வெச்சபடியே போனவன். அதான் பயந்துபோயித் தூக்கியாந்தேன்."

"இதை யார்கிட்டேயாவது சொன்னியாம்மா?"

"யாரு சார் கேட்டா?"

வேப்பம்பழம் ஒன்று அவர் தோளில் விழுந்து உருண்டது. அவர் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் அவருக்கு மிச்சம் இருந்தது.

"காலையில இருந்து அவ ஒண்ணும் சாப்பிடலையே."

அமலோற்பவம் கம்பியை ஒட்டி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். அவள் கண்ணில் சிரிப்பு இருந்தது.

"என் தூக்குச்சட்டியில இருந்து நாலு இட்லி தின்னா சார். அவ மாமியாகிட்ட மட்டும் சொல்லிராதீக. தவமணி என்னையக் கொன்னே போட்டுருவா."