ஓட்டைக்குடிக்காரர்கள் உள்ளூர்க் கூட்டாளி பிடித்த கதை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டைக்குடி என்று ஓர் ஊர் இருந்தது. இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்று சொல்லிவிட்டால், அந்த ஊர் மனிதர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டிய வேலை மிச்சம்.

மழைக்கு முன்னால் ஓர் அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "ஆத்தங்கரை ரொம்ப நோஞ்சானா இருக்கு. பலப்படுத்தி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரே கூடி கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கரைக்கு ஊற்றியது. நோஞ்சான் ஆயிற்றே என்று நாட்டுக்கோழி முட்டையும் உடைத்து விட்டார்கள். கூழுக்கு எலி வந்தது. எலி வளை தோண்டியது. வெள்ளம் வந்தபோது கரை, வயிறு முட்டச் சாப்பிட்டவன் சாய்வது போல மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

மற்றவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். முத்திருளன் குடும்பம் மட்டும் பரிசல் ஏறி அக்கரைச் சீமைக்கு வந்தது. பெரியவர் முத்திருளன், மூத்த மகன் சடையன், இளையவன் கோட்டைச்சாமி, சடையன் மனைவி தேனம்மை, கூடவே நீந்தி வந்த இரண்டு எருமைகள். தேனம்மைக்கு அது நிறைமாதம். பரிசலை விட்டு இறங்கிச் சுங்கச்சாவடி வாசலில் கால் வைத்ததும் வலி எடுத்து, அங்கேயே ஆண்பிள்ளை பிறந்துவிட்டது.

சுங்கக்காரர் தலை எண்ணினார். "பெரியவங்க நாலு, எருமை ரெண்டு. இதுக்கு மட்டும் வரி கட்டுங்க. இந்தச் சின்னவன் ஆத்தைத் தாண்டி வரல. இங்கேயே பொறந்தான், இந்தச் சீமைக்காரன். இவனுக்கு வரி கிடையாது."

முத்திருளனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எருமைக்கு உள்ள மதிப்பு எம் பேரனுக்கு இல்லையா? வாங்கித்தான் ஆகணும்" என்று சண்டை பிடித்தார். சுங்கக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்ட பிறகும் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. ஓட்டைக்குடி வழக்கப்படி, சொந்த மண்ணில் நின்று, அந்த மண்ணைப் பிள்ளையின் உள்ளங்காலில் தடவித்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இவர்களுக்கோ நிற்க மண் இல்லை. சத்திரத்தின் பின்கட்டில் தங்கியிருந்தார்கள்.

தேனம்மைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை குப்புற விழுந்தான், பயந்தாள். தரையில் நீந்தத் தொடங்கினான், இன்னும் பயந்தாள். "ஏங்க, நாளைக்கு இவன் தவழ்ந்து வெளியே போயிட்டா என்ன சொல்லிக் கூப்பிடுவேன்? பேரு இருக்கிற பிள்ளை தொலைஞ்சா பேரைச் சொல்லிக் கத்தலாம். இவனுக்கு நான் எதைக் கத்துறது?" என்று சடையனைக் கேட்டாள்.

சடையன் நெடுநேரம் யோசித்தான். "அவனைத் தொலைக்காம இருக்கப் பாரு. அதுவரைக்கும் சும்மா கத்திப் பழகு" என்றான்.

ஏரிக்குப் பின்னால் பனைமரங்களோடு ஒரு துண்டு நிலம் விலைக்கு வந்தது. நிலத்துக்காரர் நல்ல மனிதர். ஓட்டைக்குடி வெள்ளத்தில் போகும் முன் முத்திருளன் மடியில் கட்டிக்கொண்ட பணமும் அதற்குப் போதும். எல்லோரும் வக்கீல் ஞானசிகாமணியிடம் போனார்கள். அங்கேதான் கல்லில் இடித்தது.

"அந்நியச் சீமைக்காரங்க இங்கே நிலம் வாங்கச் சட்டத்துல இடமில்ல" என்றார் வக்கீல். "சில பேர் உள்ளூர்க்காரன் ஒருத்தனைக் கூட்டாளியாப் பிடிப்பாங்க. பணம் இவங்களுது, பேரு அவனுது. ஆனா அது ஆபத்து."

"என்ன ஆபத்துங்க வக்கீலய்யா?"

"பத்திரத்துல எவன் பேரோ அவன்தான் சொந்தக்காரன். நாளைக்கு அவன் வித்துட்டா உங்களுக்குத் தெரியாது. செத்துப்போனா அவன் பெண்டாட்டி பிள்ளை வந்து நிப்பாங்க. 'யாருய்யா நீங்க'ன்னு கேட்டா வாயைத் திறக்க முடியாது."

"கோர்ட்டுக்குப் போவோம்" என்றான் கோட்டைச்சாமி. அவன் ஒருமுறை கோர்ட்டை வெளியிலிருந்து பார்த்திருக்கிறான். அதனால் குடும்பத்தில் சட்டம் தெரிந்தவன் அவன்தான்.

"போய் என்னன்னு சொல்லுவே? 'எஜமானே, நாங்க சட்டத்தை ஏமாத்தினோம், இவன் எங்களை ஏமாத்திட்டான்'னா? உன்னையும் சேர்த்து உள்ளே வைப்பாங்க."

முத்திருளன் ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "உள்ளேன்னா, எவ்வளவு இடம் தருவாங்க?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரியவரே, நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அவன் ஏமாத்தினா என்ன ஆகும்னு முதல்ல பார்த்துக்குங்க. அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

இந்த அறிவுரையை முத்திருளன் குடும்பம் பொன்னைப்போல் எடுத்து முடிந்துகொண்டது.

கூட்டாளி கிடைக்கச் சிரமம் இருக்கவில்லை. பொன்னுரங்கம் என்பவர் சத்திரத்துக்கே வந்தார். நரைத்த மீசை, ஒரு தங்கப்பல், வாயில் எப்போதும் வெற்றிலை. "என்னை உங்க வீட்டுப் பிள்ளையா நினைச்சுக்குங்க. எனக்கு ரெண்டு எருமையை மட்டும் குடுங்க, என் பேரை நீங்க வெச்சுக்குங்க" என்றார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டே, கேட்டார்களே என்று, முத்திரைத்தாளில் பொன்னுரங்கம் பெயரை எழுதி வைத்தார். "எழுதின பிறகு அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு எழுத்தை மாத்தினாலும் பத்திரம் செல்லாது, ஜாக்கிரதை" என்றும் எச்சரித்தார்.

கையெழுத்துக்கு முன்னால் முத்திருளன் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தம்பி பொன்னுரங்கம், வக்கீலய்யா சொல்லியிருக்காரு. நீ ஏமாத்தினா என்ன ஆகும்னு நாங்க பார்க்கணும். ஒரு தடவை ஏமாத்திக் காட்டு."

பொன்னுரங்கம் வெற்றிலையை விழுங்கிவிட்டார். "நானா?"

"கூச்சப்படாதே. முதல்ல செத்துக் காட்டு."

எல்லோரும் ஏரிக்குப் பின்னால் போனார்கள். பொன்னுரங்கம் பனையடியில் துண்டை விரித்துச் செத்தார். சடையனும் கோட்டைச்சாமியும் தலைமாட்டில் நின்று பெண்டாட்டி பிள்ளை யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. தேனம்மைக்கு மட்டும் மனசு தாங்காமல் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "போதும்மா, எழுந்துக்கிறேன்" என்று பிணம் ஆறுதல் சொன்னது.

"சாவு நல்லபடியா முடிஞ்சுது. இப்ப ஏமாத்து" என்றார் முத்திருளன்.

"எருமை இல்லாம எப்படி ஏமாத்துறது? கையில ஏதாவது இருந்தாத்தானே?"

நியாயமான பேச்சு. எருமைக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்கள். பொன்னுரங்கம் மீசையை முறுக்கிக்கொண்டு, "யாருய்யா நீங்க? உங்களை நான் பார்த்ததே இல்லையே" என்று சொல்லிவிட்டு, எருமைகளை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரை மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போய்விட்டார்.

மூன்று பேரும் கைதட்டினார்கள். "என்ன தத்ரூபம் பார்த்தியா" என்று முத்திருளன் நெகிழ்ந்துபோனார். "அந்த 'யாருய்யா'ன்னு கேட்ட இடத்துல எனக்கே நாம யாருன்னு சந்தேகம் வந்துடுச்சு."

அன்று பொன்னுரங்கம் திரும்பி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "இன்னும் ஏமாத்திக் காட்டி முடியல போல" என்றான் சடையன். "மனுஷன் எடுத்த காரியத்தை அரைகுறையா விடுற ஆளில்ல" என்றான் கோட்டைச்சாமி.

பிள்ளை தவழக் கற்றுக்கொண்டிருந்தான். சத்திரத்து வாசற்படி வரை போய் வெளியே எட்டிப் பார்த்தவனைத் தேனம்மை இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தாள். 'ஏய்' என்றால் திரும்பாத பிள்ளை அது. ஏன் திரும்பும், உலகத்தில் எல்லோரும் ஏய்தானே.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக வக்கீல் முன்னால் போய் நின்றாள். குடும்பமும் பின்னாலேயே வந்து நின்றது.

"ஐயா, உள்ளூர்க்காரன்னா யாரு?"

"இந்தச் சீமையில பொறந்தவன்."

"அவன் விக்கக்கூடாது, ஓடக்கூடாது, பெண்டாட்டி பிள்ளை இருக்கக்கூடாது. அவ்வளவுதானே? சுங்கச்சாவடி வாசல்ல பொறந்தவன் ஒருத்தன் இருக்கான். வரி கூட வேணாம்னுட்டாங்க." இடுப்பில் இருந்த கூட்டாளி வக்கீலின் பேனாவை எட்டிப் பிடித்து வாயில் வைத்தான்.

ஓட்டைக்குடி வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று வக்கீல் எதிர்பார்க்கவில்லை. "செல்லும். மைனர் பேர்ல வாங்கி, தாய் காப்பாளராக் கையெழுத்துப் போடலாம். சட்டமே சம்மதிக்குது. பேரைச் சொல்லுங்க, எழுதிடுவோம்."

மறுபடி கல்லில் இடித்தது.

"பேரு சொந்த நிலத்துலதாங்க வைப்போம்" என்றார் முத்திருளன்.

"பேரு இருந்தாத்தானே நிலம் சொந்தமாகும்?"

"நிலம் சொந்தமானாத்தானே பேரு வைக்கலாம்?"

"அப்பா, பாதி பேரை இங்கே வெச்சுட்டு மீதியை அங்கே வைப்போம்" என்றான் கோட்டைச்சாமி.

"பாதி பேருக்குப் பாதி நிலந்தான்டா குடுப்பாங்க" என்றார் தகப்பனார்.

பொழுது சாயும் வரை விவாதம் நடந்தது. கடைசியில் முத்திருளன் கண்ணில், மேசைமேல் கிடந்த பழைய முத்திரைத்தாள் பட்டது. "வக்கீலய்யா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"அது பொன்னுரங்கம்னு எழுதினது. கிழிச்சுப் போடணும்."

"அடித்தல் திருத்தல் கூடாதுன்னீங்க, கிழிக்கலாமா? ஏரிப்பக்கத்து நிலத்தோட பத்திரம் இது. அதுல ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு. அப்படின்னா நிலமே பேரு வெச்சுடுச்சுன்னு அர்த்தம். நாம யாரு அதை மாத்த?"

"எருமையை ஓட்டிட்டுப் போனவன் பேரையா எம் பிள்ளைக்கு?" என்றாள் தேனம்மை.

"எவ்வளவு வேகமா ஓட்டிட்டுப் போனாரு, பார்த்தேல்ல? அந்தச் சுறுசுறுப்பு இவனுக்கும் வரட்டும்" என்றான் சடையன்.

அவள் பிள்ளையைப் பார்த்தாள். திருடன் பெயரென்றாலும் கூப்பிட ஒரு பெயர். தலையாட்டினாள். வக்கீலுக்கு வாதாடும் தெம்பு போயிருந்தது. அந்தப் பெயருக்குக் கீழே 'தகப்பனார் சடையன், தாயார் தேனம்மை, மைனர்' என்று சேர்த்து எழுதினார். பதிவும் ஆனது. பனையடியில் உள்ளங்காலில் மண் தடவி, "பொன்னுரங்கம்" என்று கூப்பிட்டார்கள். பிள்ளை திரும்பவில்லை. மண்ணைத் தின்பதில் மும்முரமாக இருந்தான்.

ஏரி நிலம் பொன்னுரங்கம் பெயரில் பதிவானது என்ற செய்தி எப்படியோ பெரிய பொன்னுரங்கத்தின் காதுக்கும் எட்டியது. ஒரு சனிக்கிழமை காலை, அதே இரண்டு எருமைகளை ஏரில் பூட்டிக்கொண்டு நிலத்துக்குள் வந்து நின்றார்.

"பத்திரத்துல பொன்னுரங்கம்னு இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றார்கள்.

"நான் பொன்னுரங்கமா இல்லையா?"

"ஆமா."

"அப்ப நிலம் யாருது?"

கோட்டைச்சாமி பத்திரத்தை எழுத்துக் கூட்டி வாசித்தான். "பொன்னுரங்கம். தகப்பனார் சடையன். தாயார் தேனம்மை. மைனர்."

சடையனின் கண் கலங்கியது. "அப்ப... நீ எம் பிள்ளையா?"

பொன்னுரங்கத்துக்கு நிலம்தான் கண்ணில் தெரிந்தது. "அப்படியே வெச்சுக்குங்களேன். அன்னிக்கே சொன்னேனே, உங்க வீட்டுப் பிள்ளைன்னு."

தேனம்மை இடுப்பிலிருந்தவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நிலம் போகட்டும். இந்த மனிதர் பெயரை எடுத்துக்கொண்டு போனால் இடுப்பிலிருப்பவன் மறுபடியும் ஏய்தானே. நிலத்துக்கு உரியவன் பிள்ளை என்று பத்திரம் சொல்கிறது. பிள்ளை என்று வந்துவிட்டால், செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேண்டும்.

"ஏங்க, இன்னிக்குச் சனிக்கிழமை" என்றாள். "மூத்தவனுக்கு இன்னும் எண்ணெய்க் குளியல் ஆகல."

மூன்று ஆண்களும் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். ஆறு கால் மேல் பொன்னுரங்கத்தைக் குப்புறப் படுக்கப் போட்டு, சின்னவனை வரப்பில் இறக்கிவிட்டுத் தேனம்மை எண்ணெய் தேய்த்தாள். தலை உருண்டையாக வரவேண்டும் என்று அமுக்கினாள். மூக்கு நீளட்டும் என்று இழுத்துவிட்டாள். கோட்டைச்சாமி காதிலும் மூக்கிலும் ஊதி நீர் எடுத்தான். பாலூட்டும் சங்கு நிறைய விளக்கெண்ணெய் உள்ளே போனது. சாம்பிராணிப் புகை காட்டி, கன்னத்தில் மையால் பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்து, இரண்டு பனைகளுக்கு நடுவே தூளி கட்டி உள்ளே போட்டு ஆட்டினார்கள்.

"என்னை விடுங்கய்யா" என்றது தூளி.

"பேச்சு வந்துடுச்சு" என்று முத்திருளன் பூரித்தார். "சீக்கிரம் பேசுற பிள்ளை. காதுகுத்தையும் மொட்டையையும் இன்னிக்கே முடிச்சிடுவோம். ஊசியை எடு."

ஊசி என்றதும் தூளி கிழிந்தது. எண்ணெய் வழுக்கலில் ஒருவர் கைக்கும் அகப்படாமல் பொன்னுரங்கம் ஏரிக்கரை ஏறி ஓடினார். எருமைகள் ஏரோடு அங்கேயே நின்று அசைபோட்டன.

தேனம்மை வரப்பில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். "பொன்னுரங்கம்... டேய் பொன்னுரங்கம்... வந்துடுடா கண்ணு..."

ஓடியவர் திரும்பவில்லை. அவள் காலடியில் மண் தின்றுகொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, அம்மாவைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தான். தேனம்மை அப்படியே வரப்பில் உட்கார்ந்து அவனை வாரி அணைத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளைப் பிடித்திருந்த பயம் அன்றைக்கு விட்டது.

"எருமையையும் திருப்பிக் குடுத்துட்டான் பாரு" என்றார் முத்திருளன். "ஏமாத்திக் காட்டுறது இன்னிக்குத்தான் முடிஞ்சிருக்கு. என்ன நாணயம்."

ஆனாலும் பெற்ற மனசு கேட்குமா? மறுநாள் குடும்பத்தோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"யாரைக் காணோம்?" என்றார் ஏட்டு.

"மூத்த பிள்ளைங்க. பேரு பொன்னுரங்கம்."

"வயசு?"

சடையன் பத்திரத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "ஆறு மாசமுங்க."

ஏட்டு பதறி எழுந்துவிட்டார். "ஆறு மாசக் குழந்தையா? யார் தூக்கிட்டுப் போனா?"

"யாரும் தூக்கலைங்க. அவனாவே ஓடிட்டான்."

ஏட்டு மெதுவாக உட்கார்ந்தார். "அடையாளம்?"

"நரைச்ச மீசை" என்றான் கோட்டைச்சாமி. "ஒரு தங்கப்பல். இடது கன்னத்துல திருஷ்டிப் பொட்டு."

தேனம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கிடைச்சா உடனே அனுப்பிடுங்கய்யா. பால் குடிக்கிற பிள்ளை, பசி தாங்க மாட்டான்."