பூஞ்சணத்துக்கு மூன்று அப்பன்மார்

வேங்கைமலை அரசர் சேந்தபூபதிக்குப் பின்பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. மூன்று வாரம் அரியணையில் உட்கார முடியவில்லை. அரசர் நின்றால் சபையும் நிற்க வேண்டும் அல்லவா? ராஜ்ஜியத்துக்கே முழங்கால் வலி. கடைசியில் சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்த, அழுகிய பலாச்சுளையில் பூத்த பச்சைப் பூஞ்சணத்தைத் தடவினார்கள். ஐந்தாம் நாள் கட்டி வற்றியது. அரசர் உட்கார்ந்தார். சபையும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

உட்கார்ந்த சுகத்தில் அரசர் வாயை விட்டுவிட்டார். மருந்தைக் கண்டவருக்குத் தன்வந்திரிப் பட்டமும் ஏழு ஊரும் என்றார்.

அவ்வளவுதான், பூஞ்சணத்துக்கு மூன்று அப்பன்மார் முளைத்தார்கள். தலைமை வைத்தியர் திருமேனியார், அதைப் பற்றி எப்போதோ சுவடி எழுதிவிட்டதாகச் சொன்னார். ஓலையில் பூசிய கரி அவர் விரலில் இன்னும் ஈரமாக இருந்தது. மந்திரி பேரருளாளர், தான் தடுக்காததால்தான் மருந்தே உண்டானது என்றார். ராஜகுருவோ, தான் ஜெபிக்காமல் பூஞ்சணம் எப்படிப் பூக்கும் என்று கேட்டார். ஒரே விஷயத்தில் மூவரும் ஒத்துப்போனார்கள். சமையல்கட்டில் அழுகல் பண்டம் பதுக்கிய சமையல்காரி செங்கமலத்தைப் பொழுது சாய்வதற்குள் நாடு கடத்த வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள்.

சபை விகடன் அம்பலத்தாடிக்கு அது சுருக்கென்றது. யானையின் கால்புண் அழுகின பலாவால் ஆறியதைப் பாகன் சொக்கன் சொல்ல, செங்கமலம் எட்டு மாதம் விதவிதமான பூஞ்சணத்தை வளர்த்ததை அம்பலத்தாடி கண்ணால் பார்த்திருக்கிறான். அடுப்பில் சுட்டுக்கொண்ட காயத்திலெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கை முழுக்கத் தழும்பு. அப்போது அவளைக் கேலி செய்ததில் முதல் ஆள் இவன்தான்.

எழுந்தான். "மகாராஜா, அரசர் மேனியில் படுகிற மருந்து முதலில் செய்தவர் மேனியில் பட வேண்டும் என்பது நம் கட்டுப்பாடு. இவர்கள் தழும்பைப் பார்த்துவிட்டுப் பட்டத்தைக் கொடுக்கலாமே?"

மூவருக்கும் முகம் வெளுத்தது. தழும்பு இல்லையென்றால் கட்டுப்பாட்டை மீறியதற்குத் தலை போகும். மருந்து தங்களுடையது இல்லையென்றால் ஏழு ஊர் போகும்.

"தழும்பு இருக்கிறது," என்றார் திருமேனியார். "கூச்சமான இடம்."

"மூன்று வாரமாக இந்தச் சபை எந்த இடத்தைப் பற்றிப் பேசியது? உமக்கு மட்டும் என்ன கூச்சம் வைத்தியரே?"

வேட்டி மாற்றிக்கொண்டு வருவதாக மூவரும் நழுவினார்கள். அம்பலத்தாடியே அரசரிடம் சொல்லி அரை நாழிகை வாங்கிக் கொடுத்தான். திரும்பி வந்தபோது கூச்சமான இடம் முழங்கைக்கு இடம் மாறியிருந்தது; மூன்று முழங்கையிலும் ரத்தம் சொட்டியது. வைத்தியர் கட்டி அறுக்கிற துருப்பிடித்த கத்தியை மூவரும் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குள் செங்கமலத்தின் சமையல்கட்டிலிருந்து எடுத்து வந்திருந்த இரண்டு தட்டுகளை அம்பலத்தாடி வைத்தான். இரண்டிலும் பலாச்சுளை, இரண்டிலும் பச்சைப் பூஞ்சணம்.

"ஒன்று புண்ணை ஆற்றும். இன்னொன்று கையை முழங்கையோடு வாங்கிக்கொள்ளும். செய்தவர்களுக்குத் தெரியாததா? தடவிக்கொள்ளுங்கள்."

மந்திரி வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் ராஜகுருவைப் பார்த்தார். ராஜகுரு கூரையைப் பார்த்தார். அதற்குள் வைத்தியரின் கை கத்திரிக்காய் போல் வீங்கத் தொடங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் செங்கமலம் துணிமூட்டையோடு வாசலில் வந்து நின்றாள். "கிளம்பச் சொன்னாங்க சாமி. கிளம்பிட்டேன்."

"போகாதே தாயே!" என்று மூன்று குரலும் ஒன்றாக எழுந்தன. கை வலித்ததால் திருமேனியார் மனுவைப் பல்லால் கிழித்தார்.

செங்கமலம் தட்டுகளை மோந்து பார்த்து, ஒன்றை ஜன்னல் வழியே வீசினாள். மற்றதை எடுத்து மூவருக்கும் பூசினாள். பட்டம் அவளுக்குத்தான் என்றார் அரசர். முதலில் கண்டது பாகன், தான் கிண்டிக் கிளறினவள்தான் என்று அவள் சொல்ல, ஊர்கள் இரண்டு பங்காயின.

"இந்த மூவரும் பாவம் அம்பலத்தாடி," என்றார் அரசர். "மருந்தின் கதையை ஏட்டில் எழுதும்போது இவர்கள் பெயர் எங்கேயாவது வரவேண்டாமா?"

"கட்டாயம் வரும் மகாராஜா. நோயாளிகள் பட்டியலில்."