மூன்றாமவள் ஒரு படி இறங்கிய கதை

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, கடலோரத்துப் புளியமரம் ஒன்றில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன. ஏழும் அக்கா தங்கைகள். தவிட்டுக்குருவிகளின் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று ஆரம்பித்தால் ஏழும் சேர்ந்துகொள்ளும். மரத்தடியில் குடிசை போட்டிருந்த சூசை என்ற தச்சன், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பகலெல்லாம் மரம் இழைப்பான்.

சாயங்காலம் மட்டும் பஞ்சை எடுத்துவிடுவான். அது அவர்கள் பாடும் நேரம்.

புளி உலுக்குவதற்காகச் சூசை செய்த மூங்கில் ஏணி மரத்தில் சாய்ந்தே கிடந்தது. மேலே ஏற ஏறக் கால் தளருமே என்று படிகளை நெருக்கிக்கொண்டே போயிருந்தான். மொத்தம் பன்னிரண்டு படிகள், அடியில் ஒரு கல். அந்த ஏணிக்கு ஒரு வரம் இருந்தது. எந்தப் படியில் உட்கார்ந்தாலும் அந்தப் படிக்குரிய சுரம்தான் தொண்டையில் வரும்.

மூத்தவள் தவிடி கல்லில் நின்று பாட்டைத் தொடங்குவாள், உச்சிப்படிக்குப் போய் முடிப்பாள். மற்றவர்களை ஒரு படி விட்டு ஒரு படியில் அவளே உட்கார வைத்திருந்தாள். இரண்டு இடத்தில் மட்டும் இடைவெளி இல்லை. மூன்றாமவள் சாம்பியும் நான்காமவளும் பிரிந்து உட்கார மாட்டோம் என்று அடம்பிடித்து அடுத்தடுத்த படிகளை வாங்கிக்கொண்டார்கள். கடைக்குட்டி சில்லு உச்சிப்படிக்கு நேர் கீழே, அக்காவின் வால் தன் மேல் படும்படி ஒட்டிக்கொண்டாள். அப்படி உட்கார்ந்து பாடினால், கடன்காரனுக்குப் பயந்து ஓடுகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்று சிரித்துவிட்டுப் போவான்.

அந்த வருஷம் தவிடியின் கூட்டில் ஒரு சுடலைக்குயில் முட்டையிட்டுவிட்டுப் போயிற்று. தவிடி அதைத் தன் முட்டை என்றே அடைகாத்தாள். குஞ்சு கறுப்பும் வெள்ளையுமாக வளர்ந்தது. தலையில் கொண்டையும் முளைத்தது. சாம்பி மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, நம்ம வம்சத்துல யாருக்குக் கொண்டை இருந்துச்சு?"

"நம்ம அப்பா ஜாடைடி அது. நீ அப்ப முட்டையில இருந்தே, உனக்கு எங்க தெரியும்?"

தாயின் கண்ணுக்கு முன்னால் யாருடைய கண் எடுபடும்?

மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் அந்தக் கொண்டையன் தன் இனத்தோடு கடல் பக்கம் பறந்துபோனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. தவிடி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். பிறகு எழுந்து சிறகை உதறிக்கொண்டாள்.

"வழி தெரியாமப் போயிட்டான். தேடிக் கூட்டிட்டு வரேன். நான் வர்ற வரைக்கும் ஒருத்தியும் இடம் மாறக் கூடாது. உங்க பாட்டை வச்சுத்தான் வீடு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியும்."

தவிட்டுக்குருவியின் இறக்கை வேலி தாண்டத்தான் போதும். அதை வைத்துக்கொண்டு அவள் கடற்கரைக்குப் போனாள்.

தங்கைகள் இடம் மாறவில்லை. அக்காவின் கல் ஊமையாகக் கிடக்கக் கூடாதே என்று, சூசை கல்லிலிருந்து உச்சிப்படி வரை ஒரு நரம்பை இழுத்துக் கட்டினான். சாயங்காலமானால் அவன் அதை மீட்டுவான். அதில் அக்காவின் குரலே எழும். ஆறு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். கண்ணில் நீர் வழியும், பாட்டு மட்டும் பழையபடி சிரிக்கும். ஏணியின் வரம் அப்படி, அவர்கள் என்ன செய்வார்கள்?

கோடை வந்தது. அக்கா வரவில்லை. ஒரு நாள் கடலிலிருந்து வந்த ஆலாப் பறவை ஒன்று மரத்தில் இளைப்பாறியது.

"உப்பளத்துக்கு அந்தப் பக்கம் உங்க ஜாதிக்காரி ஒருத்தி இருக்கா" என்றது ஆலா. "இறகெல்லாம் கொட்டிப்போச்சு. எலும்பும் தோலுமா இருக்கா. வீட்டுக்குப் போம்மான்னேன். 'காத்துல பாட்டு வருது பாரு, என் தங்கச்சிங்க சந்தோஷமாத்தான் இருக்காங்க. நான் இல்லாமலே நல்லா இருக்காங்க. என் புள்ளையைத் தேடிட்டே இருக்கேன்'னுட்டா."

சாம்பிக்கு அப்போதுதான் புரிந்தது. அக்கா வர வேண்டும் என்று அவர்கள் பாடிய பாட்டுதான் அக்காவை வரவிடாமல் தடுத்திருக்கிறது! இடம் மாறினால் பாட்டு மாறும். மாறிய பாட்டை அக்கா வேறு யாருடையதோ என்று நினைத்துவிட்டால், வீட்டுக்கு வழியே இல்லாமல் போகும். மாறாவிட்டால் அவள் அந்த உப்பு மண்ணிலேயே செத்துப்போவாள். யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவள்தான் அங்கே இருக்கிறாளே.

அன்று சாயங்காலம் சூசை நரம்பை மீட்டினான். இரண்டாமவள் பாடினாள். சாம்பி நான்காமவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு அவளை விட்டு ஒரே ஒரு படி கீழே இறங்கி, இரண்டாமவளோடு ஒட்டி உட்கார்ந்து பாடினாள்.

ஒரு படிதான். ஆனால் சூசையின் விரல் நரம்பிலேயே நின்றுவிட்டது. இத்தனை நாள் கண்ணில் இருந்த துக்கம் இப்போது பாட்டுக்குள் வந்துவிட்டது. அதைக் கேட்டு ஆறாமவளும் ஒரு படி இறங்கி ஐந்தாமவள் மேல் சாய்ந்தாள்.

"ஆள் இல்லாத இடத்துப் பக்கத்துல என்னால உட்கார முடியலக்கா" என்று அழுதுகொண்டே சில்லுவும் ஒரு படி இறங்கினாள். மற்றவர்கள் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.

அன்று அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சாம்பியோடு யாரும் பேசவில்லை. வீட்டுக்கு இருந்த ஒரே வழியையும் நாமே அடைத்துவிட்டோமோ என்று அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் சாயங்காலமானால் அதே படியில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு அந்தியில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது, ஏணியடியில் புழுதி படிந்த சின்ன உருவம் ஒன்று தத்தித் தத்தி வந்து கல்லில் ஏறியது. பறக்க அதற்கு இறகு இல்லை. படிப்படியாக ஏறி வந்தது. சாம்பியின் படிக்கு வந்ததும் நின்றது.

"இடம் மாறிட்டியேடி" என்றாள் தவிடி.

"நீ வரணும்னுதான்க்கா. எங்க குரல் இல்லன்னு நினைச்சிட்டியோன்னு பயந்துட்டேன்."

"இல்லடி. கல்லுல என் குரல் இருந்துச்சு, உச்சியில என் இடம் இருந்துச்சு. நடுவுல நீ அழுதது கேட்டுச்சு. முன்னமே அழுதிருக்கக் கூடாதா?"

தவிடி மேலே ஏறினாள். கடைசியில் சில்லு விட்டுப்போன படியில் யாரும் இல்லை. அந்த இடைவெளியைத் தாண்ட அவளுக்குத் தெம்பு போதவில்லை, சரியப் பார்த்தாள். சில்லு சட்டென்று தன் பழைய படிக்குத் தாவி, அக்காவைத் தோளால் முட்டி உச்சிப்படியில் ஏற்றிவிட்டாள். தவிடி அங்கே உட்கார்ந்து, தன் கடைசிச் சுரத்தைப் பாடி முடித்து, கண்ணை மூடினாள். பிறகு திறக்கவில்லை.

அவளைப் புதைத்த பிறகு சூசை பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டான். ஒரு நீண்ட மரக்கழுத்தில் ஏணிப்படிகளை அப்படியே சின்னதாக வரிசையாகப் பதித்து, மேலே நரம்பு கட்டினான். அக்கா இருந்தபோது தங்கைகள் உட்கார்ந்த படிகளை விரலால் தொட்டான், சிரிப்பு வந்தது. சாம்பி இறங்கிய பிறகு அவர்கள் உட்கார்ந்த படிகளைத் தொட்டான், அழுகை வந்தது. அந்த மரக்கழுத்துத்தான் பின்னாளில் கிட்டார் ஆயிற்று, படிகள் ஃப்ரெட் என்ற குறுக்குக் கம்பிகள் ஆயின. சிரிக்கும் சுர வரிசையை மேஜர் என்றும் அழும் வரிசையை மைனர் என்றும் சொன்னார்கள். மைனரில் வாசிக்கிறவர்கள் முடிக்கப்போகும் நேரத்தில் ஏழாவது சுரத்தை ஒரு படி மேலே தள்ளுகிறார்களே, அது சில்லுவின் தாவல்.

தவிட்டுக்குருவிகள் அதற்குப் பிறகு யாரையும் தனியே போகவிடவில்லை. ஒன்று பறந்தால் ஏழும் கத்திக்கொண்டு கூடவே போகும். அன்று முதல்தான், கிட்டாரில் மூன்றாவது சுரம் ஒரே ஒரு படி பின்னால் இறங்கினாலும், கேட்கிறவருக்குத் தன் வீட்டில் யாரோ இன்னும் வந்து சேரவில்லை என்று தோன்றுகிறது.